மலையக நீர்த்தேக்கங்களின் வயது: ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

நீர்த்தேக்கம் ஒன்றின் வயதைக் கணிப்பது எளிய காரியம் போலத் தோன்றும். அணை திறக்கப்பட்ட ஆண்டு அரச ஆவணங்களிலும், பெரும்பாலும் அணையருகே நாட்டப்பெற்ற கல்லிலும் காணப்படும். அவ்வாண்டை நடப்பாண்டிலிருந்து கழித்தால் வயது கிடைத்துவிடும். அணையைப் பராமரிக்கும் பொறியியலாளருக்கு இக்கணக்கு போதுமானது. சமூக வரலாற்றை ஆராய்வோருக்கு இது தொடக்கம் மட்டுமே. நீர்த்தேக்கம் என்பது மலைக்கும் ஆற்றுக்கும் இடையில் இயற்கையாக எழுந்த ஒன்றன்று. அது மனித உழைப்பின் விளைவு. ஒரு குறிப்பிட்ட காலத்தின் சொத்துடைமை உறவுகளையும் அரசதிகாரத்தையும் சார்ந்து எழுவது. எனவே அதன் வயது பற்றிய வினா, யாருடைய தேவைக்காக, யாருடைய உழைப்பால், யாருடைய நிலத்தின் மீது நீர் தேக்கப்பட்டது என்னும் வினாக்களோடு பிணைந்ததாகும்.

இவ்வகையில் நோக்குமிடத்து ஒவ்வொரு நீர்த்தேக்கத்துக்கும் குறைந்தது நான்கு காலக்கணக்குகள் உள எனலாம். திட்டம் கருக்கொண்ட ஆண்டு ஒன்று. நீர் நிரம்பிய ஆண்டு இன்னொன்று. நீருக்கடியிற் சென்ற குடியிருப்புகளின் வயது மூன்றாவது. அந்நீரால் விளைந்த பயன், அதன் கரையில் வாழ்ந்தோரைச் சென்றடைந்த ஆண்டு நான்காவது. இந்நான்குக்கும் இடையிலுள்ள தூரமே இக்கட்டுரையின் பொருளாகும்.

இவ்வாய்வுக்கு அக்கரப்பத்தனைப் பிரதேசம் பொருத்தமானதொரு நோக்குநிலையாக அமைகின்றது. கிரிகல்பொத்த, ஹோர்ட்டன் சமவெளி ஆகியவற்றின் சாரலிலிருந்து இறங்கும் ஆக்ரா ஓயா, டயகம, அக்கரப்பத்தனைத் தோட்டங்களினூடாக ஓடித் தலவாக்கலைப் பக்கமாகச் சென்று, ஏனைய கிளையாறுகளுடன் கூடிக் கொத்மலை ஓயாவாகி, மகாவலி கங்கையை அடைகின்றது. மேற்கே மலைத்தொடரைக் கடந்தால் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் களனி கங்கைக்கு நீர் சேர்க்கின்றன. நாட்டின் இரு பெரும் ஆறுகளின் தலைநீர் தேயிலை மலைகளிலேயே பிறக்கின்றது. அத்தலைநீரைத் தேக்கிய அணைகளின் வயதை வரிசைப்படுத்திப் பார்ப்பது, மலையக மக்களின் வரலாற்றை வேறொரு திசையிலிருந்து வாசிப்பதற்கு ஒப்பாகும்.

2

வயது பற்றிய இவ்வினாவை முன்னரே கிளப்பிய விவாதமொன்று உண்டு. 1853இல் இந்தியா குறித்து எழுதிய கட்டுரைகளில், கீழைத்தேய அரசுகளுக்கு நீர்ப்பாசன வேலைகள் அடிப்படைக் கடமையாக இருந்தன என்னுங் கருத்தை மார்க்ஸ் முன்வைத்தார். அக்கருத்தின் ஒரு கூற்றை மாத்திரம் பெயர்த்தெடுத்து, பாரிய நீர்ப்பாசனமே சர்வாதிகாரத்தைத் தோற்றுவித்தது என்று 1957இல் வாதிட்டவர் ஜெர்மனியிற் பிறந்த கார்ல் விட்போகல். முன்னர் பொதுவுடைமை இயக்கத்திலிருந்து, பின்னர் அதற்கு வன்மையான எதிரியானவர் அவர். அவருக்கு மறுப்பாக 1959இல் எட்மண்ட் லீச் எடுத்துக்காட்டியது நமது இலங்கையையே. அநுராதபுரத்துப் பெருங்குளங்களும் கால்வாய்களும் ஒரே மன்னனின் ஆணையால் ஒரே காலத்தில் எழுந்தவையல்ல என்றும், பல நூற்றாண்டுகளாகச் சிறிது சிறிதாகச் சேர்ந்து வளர்ந்தவை என்றும், கிராமத்துச் சிறுகுளங்கள் பேரரசின் துணையின்றியே கிராமத்தவரால் பேணப்பட்டன என்றும் அவர் காட்டினார். கலாவாவி தாதுசேனனுடையது, மின்னேரி மகாசேனனுடையது, பராக்கிரம சமுத்திரம் பராக்கிரமபாகுவினுடையது என்று நாளாகமங்களின் வழிநின்று கூறும்போது, குளத்தின் வயதை மன்னனின் வயதாகவே நாம் மாற்றிவிடுகின்றோம். தலைமுறை தலைமுறையாக மண் சுமந்தவர்களின் வயது அக்கணக்கில் இடம்பெறுவதில்லை.

ஒப்பீட்டுக்காக ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைப்பகுதியை நோக்கலாம். அப்பகுதியின் பரப்பு சிறியதாயினும், பல்வேறு காலத்து நீர்த்தேக்கங்கள் அங்கு அருகருகே உள்ளன. 16ஆம் நூற்றாண்டு முதலாக வெள்ளி, ஈயச் சுரங்கங்களின் நீரேற்றச் சக்கரங்களைச் சுழற்றுவதற்கென அங்கு ஏராளமான சிறு தேக்கங்களும் வாய்க்கால்களும் வெட்டப்பட்டன. அவற்றுள் 60க்கும் மேற்பட்டவை இன்றும் பயன்பாட்டிலுள்ளன. 2010இல் அவை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. 1715க்கும் 1722க்கும் இடையிற் கட்டப்பெற்ற ஓடர்டைஹ், 19ஆம் நூற்றாண்டின் இறுதி வரை ஜெர்மனியின் மிகப்பெரிய அணையாக விளங்கிற்று. அதன் பின்னர் நீரின் பயன் மாறுகின்றது. 1931இல் நிறைவெய்திய சோசே தேக்கம், தொலைவிலுள்ள பிறேமன் நகருக்குக் குடிநீர் வழங்கும் நிலையை அடைந்தது. 1956இல் நிறைவுற்ற ஓக்கர் தேக்கத்துக்காக ஷூலன்பேர்க் என்னும் கிராமம் மேட்டுக்குப் பெயர்க்கப்பட்டது. 1938இல் தொடங்கி, போரினால் 1942இல் நின்று, 1952இல் ஜெர்மன் ஜனநாயகக் குடியரசினால் மீளத் தொடங்கப்பட்ட ராப்போட அணை 1959இல் முடிவுற்றது. 1969இல் கிரானே தேக்கம் நிறைவெய்தியது.

ஒரே மலையில், நிலமானிய அரசின் சுரங்கம், முதலாளித்துவத் தொழில்நகரம், சோசலிசத் திட்டமிடல் ஆகிய மூன்றும் தத்தமக்குரிய நீர்த்தேக்கங்களை உருவாக்கிக்கொண்டன. அங்கே தேக்கங்களின் வயது வரிசை, உற்பத்திமுறை மாற்றங்களின் வரிசையாகவும் அமைந்துவிடுகின்றது. மலையகத்தில் இவ்வாறான வரிசை உண்டா என்பது அடுத்த வினா.

3

மலைநாட்டின் செயற்கை நீர்நிலைகளுள் பலரும் அறிந்த பழையது கண்டி வாவி. கண்டியின் இறுதி மன்னனான ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1807இல் வயல்நிலத்தின் மீது இதனை அமைப்பித்தான். இராஜகாரிய முறையின்கீழ்ப் பெறப்பட்ட கட்டாய உழைப்பே இதன் மூலதனம். பாசனத்துக்கென்று இவ்வாவி எழவில்லை. தலைநகரின் அழகுக்கும் அரசனின் மாட்சிக்குமாக எழுந்தது. அடுத்து வருவது நுவரெலியாவின் கிரகரி வாவி. ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல், சதுப்பு நிலத்தை மாற்றி அது அமைக்கப்பட்டது. கோப்பிப் பயிரில் நோய் தென்பட்டு நான்காண்டுகள் கழிந்திருந்தன; தோட்டத் துரைமாருக்கும் குடியேற்ற அதிகாரிகளுக்கும் ஓய்வுத்தலம் வேண்டியிருந்தது. அரசனின் மாட்சிக்குப் பின் துரைமாரின் பொழுதுபோக்கு எனும் வரிசை இங்குத் தெளிவாகவே அமைகின்றது.

இவ்விரு வாவிகளுக்கும் இடைப்பட்ட காலத்திலேதான் மலையகத் தமிழரின் வருகை நிகழ்ந்தது. திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்த அம்மக்கள் ஏரி, கண்மாய், ஊருணி ஆகியவற்றைச் சார்ந்த வேளாண் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். மன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்கள் கால்நடையாகக் கடந்த பாதை, பாழடைந்த பழங்குளங்கள் நிறைந்த வறண்ட வலயத்தின் ஊடாகச் சென்றது. குளத்தைக் கட்டவும் பேணவும் பழகிய ஒரு விவசாய மக்கட்கூட்டம், குளங்களின் இடிபாடுகளைக் கடந்து, குளமே தேவைப்படாத மழைமலைக்கு, காடழிக்கும் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம் அம்மலைகளைத் தோட்ட முதலாளிகளுக்குக் கைமாற்றும் வழியை ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தது.

தோட்டங்களிலும் நீர் தேக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதலாக, கொழுந்தரைக்கும் உருளைகளை இயக்குவதற்கென ஓடைகளை மறித்துச் சிறு அணைகளும் வாய்க்கால்களும் அமைக்கப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் தேயிலை மலைகளில் நூற்றுக்கணக்கான சிறு நீர்விசை அமைப்புகள் இருந்தன. மலையகத்தின் தொழில்சார் நீர்த்தேக்கங்களுள் மூத்தவை இவையே. எனினும் நீர்த்தேக்கங்களின் பட்டியல்களில் இவை இடம்பெறுவது அரிது. சுரங்கச் சக்கரங்களைச் சுழற்றிய ஹார்ட்ஸ் மலைத் தேக்கங்கள் உலக மரபுரிமையாகப் போற்றப்படுகையில், அதே பணியைச் செய்த நமது தோட்டத்துத் தேக்கங்கள் தேசிய மின்வலை விரிந்தபோது புதர் மண்டிக் கிடக்கலாயின. தோட்டத்து வாய்க்காலின் நீர் தொழிற்சாலையின் இயந்திரத்துக்குச் சென்றது. லயத்து மக்களுக்கு வாய்த்தது பீலி நீர். இயந்திரத்துக்கு ஒரு நீர், மனிதருக்கு வேறொரு நீர் என்னும் இப்பிரிவினை பின்னர் வந்த பெருந்தேக்கங்களின் வரலாற்றிலும் தொடர்வதைக் காண்போம்.

4

களனித் தலைநீரிலே பெருந்தேக்கங்களை அமைக்கும் எண்ணம் பொறியியலாளர் தே. ஜ. விமலசுரேந்திரவுடன் தொடர்புடையது. 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தில் அவர் அளித்த கட்டுரை, லக்ஸபானப் பகுதியின் நீர்வீழ்ச்சிகளைக் கொண்டு நாட்டுக்கே மின்சாரம் வழங்கலாம் என்று காட்டியது. 1924இல் தொடங்கிய வேலை 1927இல் நிறுத்தப்பட்டது. 1938இல் மீண்டும் தொடங்கியது, போர் குறுக்கிட்டது, 1950இல்தான் முதலாவது லக்ஸபான மின்நிலையம் இயங்கிற்று. கருவுற்ற ஆண்டுக்கும் பிறந்த ஆண்டுக்கும் இடையே 32 ஆண்டுகள். இத்தாமதத்தைத் தனிமனிதர்களின் பொறாமையாலோ அதிகாரிகளின் அசிரத்தையாலோ மாத்திரம் விளக்கிவிட முடியாது. தேயிலை, இறப்பர் ஏற்றுமதியையே உயிர்நாடியாகக் கொண்ட குடியேற்றப் பொருளாதாரத்துக்கு நாடளாவிய மின்வலை அவசரத் தேவையாக இருக்கவில்லை. தோட்டத் தொழிற்சாலைகளுக்குச் சொந்த ஓடையும் விறகும் இருந்தன. கைத்தொழில் வளர்ச்சியை வேண்டிநின்ற தேசிய முதலாளித்துவம் அரசியல் வலுப்பெற்ற பின்னரே லக்ஸபானவுக்கு உயிர் வந்தது. ராப்போட அணையின் வேலையும் 1938இல் தொடங்கிப் போரினால் தடைப்பட்டமை இங்கு ஒப்புநோக்கத் தக்கது.

லக்ஸபான நிலையத்துக்கு நீர் அனுப்பும் நோர்ட்டன் தேக்கம் கெஹெல்கமு ஓயாவின் கீழ்ப்பகுதியில் உள்ளது. அதற்கு மேலேயுள்ள காசல்ரீ தேக்கம் 1965இல், விமலசுரேந்திர மின்நிலையத்தோடு நிறைவுற்றது. மஸ்கெலி ஓயாவின் குறுக்கே மவுசாகலை அணை 1969இல் எழுந்தது. அதே ஆண்டில் பொல்பிட்டிய நிலையமும், 1974இல் புதிய லக்ஸபான நிலையமும் இயங்கலாயின. மவுசாகலையின் நீர்வீழ்ச்சி உயரத்தை நேரடியாகப் பயன்படுத்தும் கென்யோன் நிலையம் 1983இல்தான் வந்தது. அதாவது மவுசாகலைக்கு 14 வயதானபோதே அதற்கென்றமைந்த மின்நிலையம் பிறந்தது. ஒரே தொகுதிக்குள்ளேயே வயது பற்றிய கணக்கு இவ்வாறு பிரிந்து நிற்கின்றது.

இவ்வாண்டுகளை மலையக மக்களின் அரசியல் வரலாற்றோடு பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தல் வேண்டும். 1947 பொதுத் தேர்தலில் மலையக மக்கள் இலங்கை இந்தியன் காங்கிரஸின் சார்பில் ஏழு பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். தலவாக்கலைத் தொகுதியிற் தெரிவானவர் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952 தேர்தலில் அவர்களின் குரல் நாடாளுமன்றத்தில் இல்லாதொழிந்தது. 1949க்கும் 1952க்கும் இடையில், 1950இல், லக்ஸபான மின்சாரம் கொழும்பை நோக்கிச் சென்றது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிலெடுத்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் என்று அது வகுத்தது. அடுத்த ஆண்டில் காசல்ரீ நிரம்பியது, ஐந்தாண்டில் மவுசாகலை.

காசல்ரீ, மவுசாகலை என்பன தோட்டங்களின் பெயர்கள். தோட்டத்தின் பெயர் தேக்கத்துக்கு வந்தது. தோட்டத்து நிலம் தேக்கத்துக்கடியிற் சென்றது. பழைய மஸ்கெலியா நகரமும் மவுசாகலையில் மூழ்கியது. அதே பெயரில் மேட்டில் புதிய நகர் எழுந்தது. கடும் வரட்சியில் நீர்மட்டம் தாழும்போது பழைய கோவில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் வெளித்தெரிவதைக் காண மக்கள் திரள்வது வழக்கம். காவிரியில் 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றபோது மூழ்கிய ஊர்களின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் நீர் வற்றுங்கால் இவ்வாறே புலப்படுகின்றன. வணக்கத்தலங்கள் கல்லாலானவை, நீருக்கடியிலும் அவை நிலைத்து நிற்கின்றன. லயம் அவ்வாறு நினைவுகூரப்படுவதில்லை. லயம் தோட்டத்தின் சொத்து. அதில் வசித்தவருக்கு உறுதிப்பத்திரம் இல்லை. நாடு உண்டென்று காட்டும் பத்திரமும் இல்லை. நிலம் மூழ்கும்போது இழப்பின் கணக்கு ஏக்கரிலும் தேயிலைச் செடியிலும் எழுதப்படுமேயன்றி, மூன்று தலைமுறையாக அங்கு பிறந்தும் இறந்தும் வந்தோரின் பெயரில் எழுதப்படுவதற்கு அக்காலச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. ஷூலன்பேர்க் வாசிகளும் தம் பள்ளத்தாக்கை இழந்தவர்களே. ஆயினும் அவர்கள் தம் நாட்டின் குடிகளாக இடம்பெயர்ந்தனர்.

5

மகாவலியின் கதை வேறு காலத்துக்குரியது. ஐக்கிய நாடுகள் நிறுவனங்களின் துணையுடன் 1968இல் வகுக்கப்பட்ட மூலத்திட்டம் 30 ஆண்டுகளில் நிறைவேற்றப்பட வேண்டியதாக இருந்தது. 1976இல் பொல்கொல்லை அணை இயங்கியது. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கையோடு ஆட்சிக்கு வந்த அரசு, திட்டத்தின் பெரும்பகுதியை ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்குள் சுருக்கித் துரிதப்படுத்தியது. விக்டோரியா, கொத்மலை இரண்டும் 1985இலும், ரந்தெனிகலை 1986இலும், ரந்தம்பை 1990இலும் நிறைவெய்தின. விக்டோரியாவுக்குப் பிரித்தானியா, கொத்மலைக்குச் சுவீடன், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜெர்மனி என்று நிதி வழங்கிய நாடுகள் அணைவாரியாகப் பிரிந்து நின்றன. ஹார்ட்ஸ் மலையில் அணைகளின் வயது ஆளும் வர்க்கத்தைக் காட்டியது. மகாவலியில் அது கடன் கொடுத்தவரையும் சேர்த்தே காட்டுகின்றது.

87 மீற்றர் உயரமான கொத்மலை அணை மூழ்கடித்தது நெடுங்கால வரலாறுடைய கண்டியச் சிங்கள விவசாயக் கிராமங்களையும் அவற்றின் வயல்களையும் விகாரைகளையும் ஆகும். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேரிழந்தன. மூழ்கிய விகாரைகளின் நினைவாக மகாவலி மகாசேயவின் கட்டுமானம் 1983இல் தொடங்கப்பட்டது. இடம்பெயர்ந்தோருள் ஒரு சாரார் மகாவலியின் கீழ்ப்பகுதிக் குடியேற்றங்களுக்குச் சென்றனர். இன்னொரு சாரார் அரசுடைமையான தேயிலைக் காணிகளில் மாற்று நிலம் பெற்றனர். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்திருந்தமையால் இது இயன்றது. அக்காணியில் நான்கு தலைமுறையாக உழைத்தவர்களுக்கோ அதில் உரிமை இருக்கவில்லை. நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணி கைமாற்றப்படுவதை எதிர்த்து 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் நடந்த போராட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானமை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளப்பட வேண்டும். நிலமிழந்த சிங்கள விவசாயியையும் நிலமற்ற தமிழ்த் தொழிலாளியையும் ஒரே காணித்துண்டில் எதிரெதிரே நிறுத்துவது ஆளும் வர்க்கத்துக்கு வாய்ப்பாக இருந்தது. இருவரையும் இடம்பெயர்த்த, அல்லது இடமற்றவராக்கிய, அதிகாரம் ஒன்றே என்பது இன முரண்பாட்டின் பேரிரைச்சலில் மறைக்கப்பட்டது.

தலைநீரை நோக்கி அணை ஏறிவந்தது கடைசியாக. மேல் கொத்மலைத் திட்டம் 1980களில் ஜப்பானிய உதவியுடன் ஆராயப்பட்டு, 2002இல் ஜப்பானியக் கடன் பெற்று, 2006இல் கட்டத் தொடங்கி, 2012இல் திறக்கப்பட்டது. தலவாக்கலையில் 35.5 மீற்றர் உயரமான அணை. அங்கிருந்து ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளச் சுரங்கம். 150 மெகாவாற் மின்நிலையம். அக்கரப்பத்தனையிலிருந்து வரும் நீர் முதலில் சந்திக்கும் பெருந்தேக்கம் இதுவே. ஆற்றின் மிக உயர்ந்த பகுதியில் பிறந்த நீருக்கு மிக இளைய தேக்கம் வாய்த்தது. சென் கிளேயர் நீர்வீழ்ச்சிக்குப் பகல்வேளையில் குறித்த அளவு நீர் திறந்துவிடப்படும் என்னும் ஏற்பாடு செய்யப்பட்டது. இயற்கையின் பெருவீழ்ச்சியும் தோட்டத்துப் பெரட்டுப் போல நேரக் கணக்குக்கு உட்பட்டது.

இத்திட்டத்துக்கு மலையகத்தில் பரவலான எதிர்ப்பு எழுந்தது. தொழிற்சங்கங்களும் மலையகக் கட்சிகளும் அதிற் பங்குகொண்டன. பாதிக்கப்பட்ட ஏறத்தாழ 500 குடும்பங்களுள் லயத்து மக்களும் கணக்கில் எடுக்கப்பட்டனர். மாற்று வீடுகள் அமைக்கப்பட்டன. அவ்வேற்பாட்டின் போதாமைகள் தனியே ஆராயத்தக்கவை. இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது வேறொன்று. 1969இல் லயத்தவருக்குச் சட்டத்தில் இல்லாதிருந்த இடம் 2012இல் எவ்வாறு உண்டாயிற்று? அணைக்கட்டும் கலையிலே ஏற்பட்ட முன்னேற்றம் இதற்குக் காரணமாகாது. 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கியிருந்தன. வாக்குச்சீட்டைத் திரும்பப் பெற்ற மக்களை எண்ணாமல் விட முடியவில்லை. அச்சட்டங்களும் தாமாக வந்தவையல்ல; நெடுங்காலத் தொழிற்சங்க, அரசியற் போராட்டங்களின் பேறாக வந்தவை.

6

நீர்த்தேக்கத்தின் வயதுக்கு இன்னொரு அளவுகோல் உண்டு. அது வண்டல். அணை கட்டப்பட்ட நாள்முதல் ஆறு கொணரும் மண் அடியில் படிகின்றது, கொள்ளளவு குறைகின்றது. பொறியியலாளர் இதனையே தேக்கத்தின் ஆயுட்காலம் என்பர். பொல்கொல்லைத் தேக்கத்தின் கொள்ளளவில் கணிசமான பகுதி, அது திறக்கப்பட்டுச் சில ஆண்டுகளுக்குள்ளேயே மண்ணால் நிரம்பியது. அம்மண் எங்கிருந்து வந்தது? 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து கோப்பிக்காகவும், பின்னர் தேயிலைக்காகவும் மொட்டையடிக்கப்பட்ட சரிவுகளிலிருந்து. பராமரிப்பின்றி விடப்பட்ட பழைய தேயிலை மலைகளிலிருந்து. செங்குத்தான சரிவில் பயிரிடப்படும் மரக்கறித் தோட்டங்களிலிருந்து. ஆகவே 1976இல் பிறந்த தேக்கம் 1840களின் மண்ணைச் சுமந்தே முதுமையடைகின்றது எனல் மிகையாகாது. இலாபத்துக்காகக் காடழித்த முதலாளித்துவம் அதற்குரிய விலையைச் செலுத்தாமலே சென்றுவிட்டது. அவ்விலை பொதுமக்களின் பணத்தில் கட்டப்பட்ட அணையின் வயிற்றிலே மண்ணாகச் சேர்கின்றது.

நான்காவது காலக்கணக்கு ஒளி பற்றியது. 1950இல் லக்ஸபானவும் 1965இல் காசல்ரீயும் 1969இல் மவுசாகலையும் நகரங்களுக்கும் ஆலைகளுக்கும் ஒளியூட்டின. அத்தேக்கங்களின் கரையிலிருந்த லயங்களிற் பெரும்பாலானவை அதன் பின்னரும் பல தசாப்தங்கள் மண்ணெண்ணெய் விளக்கிலேயே இருந்தன. மின்கம்பிகள் மலையைக் கடந்து சென்றன, லயத்துக்குள் இறங்கவில்லை. தோட்டங்களின் முகாமை 1992இல் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட காலத்திலும், அதனை அடுத்த ஆண்டுகளிலுமே லயங்களுக்கு மின்சாரம் பரவலாகச் சென்றடைந்தது. நீர் தேங்கிய ஆண்டுக்கும் அந்நீரால் பிறந்த ஒளி அதன் கரைக்குத் திரும்பிய ஆண்டுக்கும் இடையிலுள்ள அத்தசாப்தங்களும் தேக்கத்தின் வயதிற் சேரவேண்டியவையே. தொழிற்சாலைக்கு வாய்க்கால் நீரும் லயத்துக்குப் பீலி நீரும் என்றிருந்த பழைய பிரிவினை, மின்யுகத்தில் இவ்வடிவில் தொடர்ந்தது.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், மலையக நீர்த்தேக்கங்களின் வயது வரிசை ஓர் ஒழுங்கைக் காட்டுகின்றது. 1807இல் அரச மாட்சி. 1873இல் குடியேற்ற ஆட்சியாளரின் ஓய்வு. அடுத்துவந்த தசாப்தங்களில் தோட்ட முதலாளியின் இயந்திரம். 1950 முதல் தேசிய அரசின் கைத்தொழில் வேட்கை. 1985ஐ ஒட்டி வெளிநாட்டுக் கடனுதவியில் தங்கிய துரித வளர்ச்சி. 2012இல் எஞ்சிய தலைநீரும் மின்சந்தைக்குள் ஈர்க்கப்படுதல். ஹார்ட்ஸ் மலையின் வரிசையோடு இது ஒத்துப்போகும் இடங்கள் பல. வேறுபடும் இடம் ஒன்று முக்கியமானது. நமது வரிசையில் நடுப்பகுதி முழுவதும், தேக்கங்களுக்கருகே வாழ்ந்து உழைத்த மக்கள் சட்டத்தின் கண்ணில் அந்நாட்டு மக்களாகவே இருக்கவில்லை. நீரைத் தேசியச் சொத்தென்று அறிவித்த அதே ஆண்டுகளில், அந்நீரருகே வாழ்ந்தவர்கள் தேசத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

இலக்கிய மாணவருக்கும் இதில் ஒரு பணி உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்து 1983இல் நூலாக்கினார். அதற்கு அடுத்த ஆண்டு மறைந்தார். எழுத்தில் பதிவாகாத உழைப்பாளரின் காலக்கணக்கு வாய்மொழியில் வாழும் என்பதை அவரது தொகுப்புப் பணி உணர்த்திற்று. மூழ்கிய தோட்டப் பிரிவுகளின் தமிழ்ப் பெயர்கள், மேட்டு லயம், பணிய லயம் என்று மக்கள் இட்ட இடப்பெயர்கள், இடம்மாறிய குலதெய்வங்கள், இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியோர் எடுத்துச்சென்ற நினைவுகள் ஆகியன இன்னும் முறையாகத் தொகுக்கப்பட வேண்டியுள்ளன. காசல்ரீ, மவுசாகலைக் கட்டுமானக் காலத்தை நேரிற் கண்டோர் இன்று முதுமையில் உள்ளனர். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இப்பணியைத் தள்ளிப்போடலாகாது.

அணையின் திறப்பு விழா ஆண்டு ஆவணத்தில் உள்ளது. அதைத் தேட வேண்டியதில்லை. தேடவேண்டியது நீருக்கடியில் சென்ற லயங்களின் ஆண்டுகளை. அவற்றையும் சேர்த்துக் கணக்கிடும்போதே மலையக நீர்த்தேக்கம் ஒவ்வொன்றின் வயதும் முழுமைபெறும்.